சுங்கை சிப்புட்டில் செஜாரா (வரலாறு) ஆசிரியர் வேலை: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

வெண்கட்டி

எல்லாருக்கும் வணக்கம். நான் கிள்ளான்காரி. தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தேன். நேர்முகம் எல்லாம் முடிந்து, இப்போது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் போட்டிருக்கிறார்கள். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம்.

பாடக்குழுத் தலைவி போனில் அன்பாகத்தான் பேசினார். நான்காம் படிவத்தில் மதிப்பெண் வரிசையில் கடைசி இரண்டு வகுப்புகளும் மூன்றாம் படிவத்தில் ஒரு வகுப்பும் எனக்காம். "கடைசி வகுப்பில் பாதிக்கு மேல் இந்தியப் பிள்ளைகள், நீங்கள் வருவது நல்லதாகப் போயிற்று" என்றார். அதற்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

எனக்கு ஓர் ஆசை உண்டு. எங்கள் ஊரில் 1941-இல் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதினேன். ஆர்.எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், கள்ளுக்கடையை மூடச் சொன்னது, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்று நின்றது, கடைசியில் துருப்புகளை இறக்கிச் சுட்டது. இதில் ஒரு வரிகூட நான் பள்ளியில் கேட்டதில்லை. அதனால் பாடத்தைத் தோட்டத்திலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். முதலில் பால்மரம், கங்காணி, லயம், அப்புறம் நாடு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்தானே? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். முதல் மாதம் என்ன செய்வீர்கள்?

பழைய வாத்தியார்

வாழ்த்துகள் டீச்சர். பேராக்கில் மூன்று ஊர்களில் செஜாரா சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். சுங்கை சிப்புட்டில்தான் அதிக காலம் இருந்தேன்.

முதலில் ஒன்று. "தோட்டத்துப் பிள்ளைகள்" என்று மனத்தில் படம் வரைந்துகொண்டு போகாதீர்கள். உங்கள் வகுப்பில் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருந்தால் அதிகம். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று. செம்பனைக் காட்டில் இன்று குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். நம் ஆட்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மலிவு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பா ஈப்போவில் தொழிற்சாலை, இல்லாவிட்டால் லாரி. அம்மா சூப்பர்மார்க்கெட்டில் காசாளர். தாத்தா பாட்டிதான் மரம் வெட்டியவர்கள். பிள்ளை பால் வெட்டும் கத்தியைக் கையால் தொட்டிருக்காது.

அதைவிட முக்கியமானது வெட்கம். தோட்டம் என்பது அந்தக் குடும்பம் விட்டுவிட்டு வந்த இடம். மலாய்க்காரப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், முதல் நாளே "உங்கள் தாத்தா மரம் வெட்டியவர்தானே" என்று ஆரம்பித்தால் நம் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கங்காணி கதையை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேரம் வரும்.

முதல் மாதம் என்ன செய்வது? வாசிக்கவிடுங்கள். பாடநூலில் ஒரு பத்தி, ஆளுக்கு இரண்டு வாக்கியம், சத்தமாக. யாருக்கு என்ன தெரியும் என்பது ஒரே பாட நேரத்தில் தெரிந்துவிடும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நிமிஷத்துக்கு நூறு வார்த்தை மலாயில் பேசி வியாபாரம் செய்கிற பையன், பாடநூலில் "பென்தட்பிரான்", "பெங்குபாலான்" என்று வரும்போது முட்டிக்கொண்டு நிற்பான். அவன் மக்கு இல்லை. அந்த மலாய் அவன் காதில் விழுந்ததே இல்லை. நான் ஒவ்வொரு பாடத்துக்கும் பலகையின் இடப்பக்கம் பத்துச் சொல் எழுதிப் போட்டுவிடுவேன், அன்று முழுக்க அழிக்கமாட்டேன். மலாய்ப் பிள்ளைகளுக்கும் அதில் பாதி தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆறாம் ஆண்டு டீச்சர்

நான் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்கிறேன், பேராக்தான். வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும். 2014-லிருந்து நான்காம் ஆண்டு தொடங்கி ஆறாம் ஆண்டு வரை வரலாறு தனிப்பாடம், நாங்கள் அதைத் தமிழில் சொல்லித்தருகிறோம். பரமேஸ்வரா, மலாக்கா, பாசிர் சாலாக்கில் பர்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரியைக் குத்தியது, 1957 சுதந்திரம், ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு எல்லாம் பிள்ளை படித்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. ஆனால் எல்லாம் தமிழில் அடைந்து கிடக்கிறது. முதல் படிவத்தில் அதே சங்கதி மலாயில் வரும்போது, ஏதோ புதுசு என்று பயந்துவிடுகிறது. "இது உனக்குத் தெரியும், அஞ்சாம் ஆண்டில் படித்தாய்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

எதற்கெடுத்தாலும் "தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை இல்லை" என்று இடைநிலைப்பள்ளியில் பேசுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அடிப்படை இருக்கிறது டீச்சர், வேறு அறையில் இருக்கிறது. நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு வரலாற்று நூல்களை வாங்கி ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளையின் முகம் மலரும் என்று தெரிந்துவிடும்.

லாரிக்காரன்

நான் ஆசிரியர் இல்லை. ஆனாலும் சொல்ல உரிமை இருக்கிறது, ஏனென்றால் செஜாராவில் ஜி, அதாவது தோல்வி, வாங்கியவன்.

2013-லிருந்து மலாயோடு செஜாராவும் தேறினால்தான் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வுச் சான்றிதழ். நான் அதற்கு அப்புறம் எழுதிய கூட்டம். மலாயில் தேறினேன், கணிதத்தில் சி, தமிழில் பி. செஜாராவில் மட்டும் போயிற்று, அவ்வளவுதான், கையில் சான்றிதழ் இல்லை. தொழிற்பயிற்சிக்கு மனுப் போட்ட இடத்தில் "சான்றிதழ் வரட்டும் அப்புறம் வா" என்றார்கள். அடுத்த வருஷம் மறுபடி உட்கார்ந்து ஈ எடுத்துத் தேறினேன். அதற்குள் லாரியில் ஏறிவிட்டேன், அதுவே பழகிவிட்டது.

விஷயம் தெரியாமல் இல்லை. ஜப்பான்காரன் காலத்தை என் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். பாட்டியின் அண்ணனைச் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. ஜப்பானியர் ஆட்சியைப் பற்றித் தேர்வில் கேள்வி வந்தது. எனக்கு மண்டை நிறையக் கதை இருந்தது, தாளில் மூன்று வரிதான் எழுத முடிந்தது. எங்கள் சார் நல்ல மனுஷன், அடிக்கமாட்டார், திட்டமாட்டார். நோட்டைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு எழுதிக்கொள்ளச் சொல்வார். நாங்களும் அழகாக எழுதிக்கொள்வோம். ஒரு நாளும் நாங்களாக ஒரு பதில் எழுதிப் பார்த்ததில்லை.

டீச்சர், நீங்கள் கதை சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தாளில் எப்படி இறக்குவது என்று கற்றுக்கொடுங்கள்.

கணக்குப்புள்ளி

ஈப்போவில் டியூஷன் நடத்துகிறேன், எஸ்.பி.எம். செஜாரா. கொஞ்சம் காரமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாரிக்காரன் சொன்னதுதான் நிஜம். மற்றதெல்லாம் ஆசிரியர்களின் ஆசை. முதல் தாள் 40 கேள்வி, ஒரு மணி நேரம், நான்கு விடையில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். கடைசி வகுப்புப் பிள்ளை தேறுவதும் விழுவதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. இரண்டாம் தாள் எழுதுகிற தாள். அங்கே கேள்வியின் முதல் சொல்லைப் பார்க்கப் பழக்குங்கள். "ஞாத்தாக்கான்" என்றால் ஒரு வரி போதும். "ஜெலாஸ்கான்", "ஹுராய்கான்" என்றால் விரித்து எழுதவேண்டும். "வஜார்கான்" என்றால் காரணம் கேட்கிறான். நம் பிள்ளைகள் நான்குக்கும் ஒரே மாதிரி ஒரு வரி எழுதிவிட்டு வெளியே வந்து "சார், எல்லாம் செஞ்சிட்டேன்" என்பார்கள்.

தகவல், விளக்கம், எடுத்துக்காட்டு. இந்த மூன்றும் ஒரு பத்தியில் வரவேண்டும். எஃப்-எச்-சி என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள், செய்கிறவர்கள் குறைவு. வாரம் ஒரு பத்தி எழுதவையுங்கள், நீங்களே திருத்துங்கள். நாற்பது நோட்டு, கை வலிக்கும். வேறு வழி கிடையாது.

கிள்ளான் வேலைநிறுத்தம், அது இது என்று இறங்காதீர்கள். விடைத்திட்டத்தில் இல்லாததை எழுதினால் மதிப்பெண் இல்லை. நான்காம் படிவத்தில் பத்து அதிகாரம், ஐந்தில் இன்னொரு பத்து. நாதனுக்கு எங்கே நேரம்?

வெண்கட்டி

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, வெட்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. கிள்ளானில் எங்கள் வீட்டில் தாத்தா தோட்டக் கதையைப் பெருமையாகத்தான் சொல்வார். ஒருவேளை நாங்கள் வெளியே வந்து ரொம்ப நாள் ஆனதால் இருக்கலாம்.

கணக்குப்புள்ளி சாருக்கு ஒரு கேள்வி. நான்காம் படிவத்து ஆறாம் அதிகாரம் கம்யூனிஸ்டு அச்சுறுத்தலும் அவசரகாலமும். அது தொடங்கியதே சுங்கை சிப்புட்டில். பிள்ளைகள் பேருந்தில் கடந்துபோகிற இடம். அதைக்கூட வெறும் நோட்டாகவா கொடுக்கச் சொல்கிறீர்கள்?

பழைய வாத்தியார்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அதிகாரத்தை அந்த ஊரிலேயே நடத்தியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

1948 ஜூன் 16. காலையில் எல்பில் தோட்டத்தில் வாக்கர் என்ற துரையை அலுவலகத்திலேயே சுட்டார்கள். கொஞ்ச நேரத்தில் "பின் சூன்" என்ற தோட்டத்தில் அலிசன், கிறிஸ்டியன் என்று இருவர். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம், 1960 ஜூலை 31 வரை. பாடநூலில் இது ஒரு பத்திக்குள் முடிந்துவிடும்.

அந்த வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். புதுக்கிராமத்திலிருந்து வருகிற சீனப் பிள்ளை இருக்கும். அதன் கொள்ளுத்தாத்தா குடும்பத்தைக் காட்டோரத்திலிருந்து லாரியில் ஏற்றி முள்வேலிக்குள் கொண்டுவந்து போட்டிருப்பார்கள். பக்கத்தில் மலாய்ப் பையன், அவன் வீட்டுச் சுவரில் ஊர்க்காவல் படைச் சீருடையில் தாத்தாவின் படம். நம் பிள்ளையின் வீட்டிலோ, ஒரு பக்கத்துத் தாத்தா தோட்டத்தில் துரைக்குக் காவல் நின்ற சிறப்புக் காவலர், இன்னொரு பக்கத்துத் தாத்தா தொழிற்சங்கத்தில் இருந்ததற்காகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். ஒரே பிள்ளைக்கு இரண்டு தாத்தாவும் இப்படி அமைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் அந்த அதிகாரத்துக்கு ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுவேன்: வீட்டில் வயதானவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வா, "அவசரகாலத்தில் நம் குடும்பம் எங்கே இருந்தது?" அவ்வளவுதான். யார் பக்கம் என்று கேட்கக்கூடாது. எங்கே என்று மட்டும். மறுவாரம் பலகையில் வட்டாரப் படம் வரைந்து ஒவ்வொருவரும் வந்து புள்ளி வைப்பார்கள். தோட்டம், புதுக்கிராமம், கம்பம் (மலாய்க் கிராமம்), டவுன், ரயில் குவார்ட்டர்ஸ். மக்களைப் புதுக்கிராமங்களுக்குள் குடியேற்றிய பிரிக்ஸ் திட்டம் என்றால் என்ன, உணவைக் கட்டுப்படுத்தினார்கள் என்றால் என்ன என்று அதற்கு அப்புறம் நான் விளக்கத் தேவையே இருக்காது. தோட்டத்து லயங்களையும் வேலிபோட்டு ஒன்றாகச் சேர்த்தார்கள், அரிசியை அளந்துதான் கொடுத்தார்கள் என்று நம் பிள்ளைகளே சொல்வார்கள். அவர்கள் வாயால் வரும்போது வெட்கமும் இருக்காது, கவனித்தீர்களா? நீங்கள் சுட்டிக்காட்டினால்தான் தலை குனியும்.

கணபதியைப் பற்றியும் கேட்பீர்கள். எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்குப்போட்டு 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்திய அரசாங்கம் கேட்டும் விடவில்லை. அந்தச் சம்மேளனம் போன இடத்தில், வேறு வழியில், 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தது. சொல்லலாமா? சொல்லலாம். யாரையும் வீரனாக்கவும் வேண்டாம், துரோகியாக்கவும் வேண்டாம், தேதியோடு சொல்லுங்கள். ஆனால் அதே மூச்சில் "தேர்வில் இதை எழுதாதே, மதிப்பெண் கிடையாது" என்றும் சொல்லிவிடுங்கள். அதில் தவறு இல்லை. தேர்வுக்கு எழுதுவது ஒன்று, தெரிந்துகொள்வது ஒன்று என்று பதினாறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

கணக்குப்புள்ளி

புள்ளி வைக்கிற விளையாட்டு நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு பாட நேரம் முழுதும் போயிருக்குமே வாத்தியாரே. அப்புறம் அந்த அதிகாரத்தில் எத்தனை பேர் தேறினார்கள்?

பழைய வாத்தியார்

முதல் வகுப்பில் எப்படியும் தேறுவார்கள், அதை விடுங்கள். கடைசி வகுப்பில் மற்ற அதிகாரங்களைவிட அதில் அதிகமாக எழுதினார்கள். வெற்றுத்தாள் கொடுக்கிற பையன் அரைப்பக்கம் எழுதினான். நேரம் போனது நிஜம். எல்லா அதிகாரத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது. வருஷத்துக்கு இரண்டு அல்லது மூன்று. மற்றதற்கு உங்கள் எஃப்-எச்-சி தான்.

கெடா பக்கம்

சுங்கைப்பட்டாணியில் செஜாரா ஆசிரியர் நான். யாரும் சொல்லாத இரண்டைச் சொல்லிவைக்கிறேன்.

ஒன்று, கடாரம், அதாவது பழைய கெடா. நான் இருப்பது பழங்கால இடிபாடுகள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் வாசலில், அதனால் எனக்கு இது தினசரித் தலைவலி. பேராக்கிலும் வரும். நம் பையன்கள் டிக்டாக்கில் எதையாவது பார்த்துவிட்டு வந்து "ராஜேந்திர சோழன் இந்த நாட்டையே ஆண்டான், பாடநூல் மறைக்கிறது" என்பார்கள். மலாய்ப் பையன் சும்மா இருப்பானா? சண்டை. அவர்களை அடக்கவும் கூடாது, சேர்ந்து ஆடவும் கூடாது. ஆதாரத்தைக் காட்டுங்கள். 1025 வாக்கில் நடந்த படையெடுப்பைத் தஞ்சைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. கடாரத்து அரசனைப் பிடித்தது, யானைகளையும் செல்வத்தையும் கொண்டுபோனது எல்லாம் அதில் உண்டு. "சரி, படையெடுத்து வருவதும் உட்கார்ந்து ஆள்வதும் ஒன்றா? ஆண்டதற்கு இந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பையன் யோசிப்பான். சோழர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இதே பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கினார்கள் என்று மலாய்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆதாரத்தை வைத்துப் பேசப் பழகுவதுதான் இந்தப் பாடத்தின் உயிர். முதல் படிவத்து முதல் அதிகாரத்தில் அச்சடித்திருக்கிறார்கள், யாரும் செய்வதில்லை.

இரண்டாவது உங்களைப் பற்றியது. பள்ளியில் இந்திய ஆசிரியர்கள் குறைவாக இருந்தால் நீங்கள் செஜாரா டீச்சர் மட்டும் இல்லை. இந்தியப் பையன் பள்ளி மட்டம்போட்டானா, கூப்பிடு டீச்சரை. கழிப்பறையில் வேப் பிடித்தானா, கூப்பிடு டீச்சரை. அவன் அம்மா அலுவலகத்தில் வந்து அழுதாலும் டீச்சர்தான் மொழிபெயர்க்கவேண்டும். தீபாவளி நிகழ்ச்சி, பொங்கல் பானை, தேவார வகுப்பு எல்லாம் உங்கள் தலையில். இதில் கொஞ்சம் மனத்துக்குப் பிடித்துச் செய்வோம், பொய் சொல்லவில்லை. ஆனால் ஆர்.பி.எச். என்ற அன்றாடப் பாடத்திட்டம் எழுதுவது, பிபிடி என்ற வகுப்பறை மதிப்பீட்டைக் கணினியில் ஏற்றுவது, வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பில் உட்காருவது, கூட்டம், வலைப்பந்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது எல்லாம் முடிந்துதான் நாற்பது நோட்டு. எதை ஏற்கிறீர்கள், எதை மற்றவரோடு பங்கிடுகிறீர்கள் என்று முதல் மாதமே முடிவு செய்யுங்கள். பங்கிடக் கேட்டால் பலர் மனம் கோணாமல் செய்வார்கள். எங்கள் பள்ளியில் மலாய் உஸ்தாஸ் (இஸ்லாமியச் சமய ஆசிரியர்) ஒருவர்தான் இந்தியப் பையன்களுக்கு என்னைவிடச் செல்லம்.

மூன்று பிள்ளை அம்மா

வணக்கம் டீச்சர். நான் சுங்கை சிப்புட்தான். இன்னும் தோட்டத்திலேயே இருக்கிற சில குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வாத்தியார் விரல்விட்டு எண்ணியதில் நாங்கள் ஒரு விரல்.

என் நடுமகள் இப்போது நான்காம் படிவம். போன வருஷம் செஜாராவுக்கு ஆசிரியர் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் பிரசவ விடுப்பு, அடுத்தவர் மாற்றலாகிப் போனார், அப்புறம் வந்தவர் விளையாட்டு ஆசிரியர். இவளுக்கு மூன்றாம் படிவத்துப் பாடத்தில் பாதி தெரியாது. செஜாரா விழுந்தால் சான்றிதழ் இல்லையென்று எனக்கு இங்கே படித்துத்தான் தெரிகிறது. பள்ளியில் சொல்லியிருப்பார்கள், கூட்டத்துக்குப் போக எனக்கு முடியவில்லை.

ஈப்போ டியூஷனுக்கு அனுப்ப வசதி இல்லை, பேருந்தும் இல்லை. பள்ளி வேன் ஒன்றுதான், இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். மதியம் கூடுதல் வகுப்பு வைத்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளால் இருக்க முடியாது. இதை எந்த ஆசிரியரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை என்றால் அவள் அப்பா மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து விடுவார்.

தமிழில் சொல்லிக்கொடுப்பீர்களா என்றும் கேட்கிறாள்.

ஆறாம் ஆண்டு டீச்சர்

அம்மா, உங்கள் மகளிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த வரலாற்று நூல்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். திருப்பிக் கொடுத்திருந்தால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் பழைய பிரதி கிடைக்கும், நூலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.

கணக்குப்புள்ளி

வகுப்பில் தமிழ் பேசாதீர்கள் டீச்சர். மற்ற இனப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது நியாயமும் இல்லை, வம்பும் வரும். விடை மலாயில்தானே எழுதவேண்டும்? வகுப்பு முடிந்து தனியாக வந்து கேட்டால் தமிழில் விளக்குங்கள், உடனே அதையே மலாயில் திருப்பிச் சொல்லவையுங்கள். திருப்பிச் சொல்லாமல் விட்டால், லாரிக்காரன் மாதிரி மண்டையில் கதையோடு நின்றுவிடும்.

அம்மாவுக்கு: என்னிடம் பழைய பயிற்சித் தாள்கள் அதிகாரவாரியாக இருக்கின்றன. டீச்சர் தனிச்செய்தியில் கேட்டால் அனுப்பிவிடுகிறேன். காசு வேண்டாம்.

லாரிக்காரன்

பாருடா, கணக்குப்புள்ளிக்கும் மனசு இருக்கு.

டீச்சர், மூன்றாம் படிவத்துக்கு ரப்பர் பாடம் எடுக்கும்போது கோல கங்சாருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாவட்ட அலுவலகம் பக்கத்தில் அந்தப் பழைய ரப்பர் மரம் நிற்கிறது. லாரியில் போகும்போதெல்லாம் பார்ப்பேன்.

பழைய வாத்தியார்

நல்ல யோசனை. 1877-இல் வந்த கன்றுகளில் மிஞ்சியது அது. சிங்கப்பூருக்கு வந்த இருபத்திரண்டில் ஒன்பதைக் கோல கங்சாரில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்டார். பிள்ளைகளுக்கு அந்த மரத்தைக் காட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: மரம் 1877-இல் வந்துவிட்டது, நம் ஆட்கள் கூட்டங்கூட்டமாக ரப்பருக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு. நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் ஏன் யாரும் சீண்டவில்லை? காப்பி விலை, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும், தாவரவியலாளர் ரிட்லியின் முறை, மோட்டார் கார், டயர் என்று ஒவ்வொன்றாக வரும். மலாக்காவில் டான் சே யான் 1896-இல் தோட்டம் போட்டதும் வரும். இது அத்தனையும் விடைத்திட்டத்துக்கு உள்ளே இருக்கிற சரக்கு, கணக்குப்புள்ளி கோபித்துக்கொள்ளவேண்டாம்.

திரும்பும் வழியில் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையையும் காட்டிவிடுங்கள். துன் சம்பந்தன் முன்னின்று கட்டியது, 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். துன் சம்பந்தனின் பெயர் சுதந்திரப் பாடத்தில் வரும், ஆனால் இந்த ஊர்க்காரர் என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது. துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களை வாங்க 1960-இல் அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்து பத்து வெள்ளியாகக் கட்டிய குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. ஏதாவது ஒரு வீட்டில் பங்குப் புத்தகம் இன்னும் பெட்டியில் கிடக்கும். கொண்டுவரச் சொல்லுங்கள், மூல ஆதாரம் என்றால் என்ன என்று அதைவைத்தே நடத்திவிடலாம்.

ஒன்று சொல்ல மறந்தேன். பேருந்துச் செலவை முன்கூட்டியே பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பேசுங்கள். பிள்ளைகளிடம் ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டால் வரவேண்டிய பிள்ளைதான் வராது.

வெண்கட்டி

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

என் திட்டம் இப்போது இப்படி. முதல் இரண்டு வாரம் வாசிப்பும் சொற்களும். தமிழ்ப்பள்ளி வரலாற்று நூல்கள் மூன்றையும் வாங்கச் சொல்லித் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். வாரம் ஒரு பத்தி எழுத்து, கை வலித்தாலும் சரி. ஆறாம் அதிகாரம் வரும்போது புள்ளி வைக்கும் படம், அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், வாத்தியார் ஐயா அனுமதித்தால். கிள்ளான் வேலைநிறுத்தத்தை இந்த வருஷம் தொடப்போவதில்லை. ஆனால் கணக்குப்புள்ளி சார், அடுத்த வருஷம் ஒரு பாட நேரமாவது அதற்கு எடுப்பேன், மதிப்பெண் இல்லை என்று சொல்லிவிட்டே எடுப்பேன். அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அம்மா, உங்கள் மகள் எந்தப் பள்ளி என்று இங்கே எழுதவேண்டாம், தனிச்செய்தியில் சொல்லுங்கள். என் பள்ளியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சனிக்கிழமை வகுப்புக்குப் பள்ளி முதல்வரிடம் அனுமதி கேட்கவேண்டும், வெளிப்பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கவிடுவாரா என்று பார்க்கவேண்டும். கிடைக்காவிட்டால் டவுனில் கோயில் மண்டபம் எதையாவது கேட்போம். தமிழில் விளக்குவேன், மலாயில் திருப்பிச் சொல்லவேண்டும், அதுதான் நிபந்தனை.

மூன்று பிள்ளை அம்மா

நன்றி டீச்சர். கோயில் மண்டபம் என்றால் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம், பொருளாளர் எங்களுக்குச் சொந்தம்தான். காலை எட்டரைக்கு மேல் என்றால் நல்லது, அவள் அப்பா இரவு வேலை முடிந்து வரவேண்டும். மூன்றாம் படிவப் பாடநூலும் கொண்டுவரச் சொல்லவா?

வெண்கட்டி

ஆமாம் அம்மா, மூன்றாம் படிவ நூல்தான் முதலில். எட்டரை சரி.